ஞானஸ்நானம் பெறாமல் இறந்த அம்மா இரட்சிப்பை இழந்துவிட்டாரா?

இரட்சிப்புக்குத் தண்ணீர் ஞானஸ்நானம் அவசியமா என்று ஒரே வரியில் கேட்டிருக்கிறீர்கள். அதற்குக் கீழே எழுதியிருப்பதைப் படித்தால், நீங்கள் கேட்பது வேறொன்று என்று தெரிகிறது. பாபநாசத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் உங்கள் அம்மா பதினோரு ஆண்டுகளாக இயேசுவை நம்பி ஜெபித்துவந்தார். வீட்டுப் பெரியவர்களுக்கு அஞ்சிப் புதிய ஏற்பாட்டைப் புடவை மடிப்புக்குள் வைத்துப் படித்தார். சம்பா அறுப்பு முடியட்டும், ஞானஸ்நானம் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருந்தவர், தை பிறப்பதற்குள் ஒரே இரவில் மாரடைப்பால் போய்விட்டார். குடமுருட்டிக் கரையில் தகனம் செய்தீர்கள். துக்கம் விசாரிக்க வந்த ஊழியர் ஒருவர், முழுக்கு எடுக்காதவர் பரலோகம் சேர முடியாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஆகவே, அம்மா இப்போது எங்கே இருக்கிறார் என்பதுதான் உங்கள் கேள்வி. அம்மாவுக்காக நான் ஞானஸ்நானம் பெறலாமா என்ற இன்னொரு கேள்வியும் அதோடு சேர்ந்திருக்கிறது.

நான் லுத்தரன் திருச்சபையில் ஆயராக இருந்து ஓய்வு பெற்றவன். தரங்கம்பாடி, பொறையாறு, மயிலாடுதுறை வட்டாரத்துச் சபைகளில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊழியம் செய்தேன். என் பதிலில் என் திருச்சபையின் சாயல் இருக்கும். ஆயினும் மற்றத் திருச்சபைகள் சொல்வதை அவர்களே ஒப்புக்கொள்ளும் விதத்தில் சொல்ல முயல்கிறேன். காத்திருக்க வைக்காமல் முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன்: அந்த ஊழியர் சொன்னதற்கு வேதத்தில் ஆதாரம் இல்லை. கத்தோலிக்கர், லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, பெரும்பான்மையான பெந்தெகொஸ்தே சபைகள் எவையும் உங்கள் அம்மாவைப் போன்ற ஒருவரைக் குறித்து அப்படிப் போதிப்பதில்லை.

ஐயத்துக்கு இடமில்லாததை முதலில் எடுத்துக்கொள்வோம். ஞானஸ்நானம் கிறிஸ்துவின் கட்டளை. மத்தேயு 28:19-இல் அது தெளிவாக இருக்கிறது. பெந்தெகொஸ்தே நாளில் பேதுருவின் பிரசங்கத்தைக் கேட்டு, நாங்கள் என்ன செய்யவேண்டும் என்று ஜனங்கள் கேட்டபோது, "நீங்கள் மனந்திரும்பி, ஒவ்வொருவரும் பாவமன்னிப்புக்கென்று இயேசுகிறிஸ்துவின் நாமத்தினாலே ஞானஸ்நானம் பெற்றுக்கொள்ளுங்கள்" என்றே அவர் பதில் சொன்னார். பிலிப்பி நகரத்துச் சிறைச்சாலைக்காரன் விசுவாசித்த அந்த இராத்திரியிலேயே தன் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றான். எத்தியோப்பிய மந்திரி வழியில் தண்ணீரைக் கண்டதும் இரதத்தை நிறுத்தச் சொன்னான். அப்போஸ்தலர் காலத்தில், விசுவாசித்த பிறகும் ஞானஸ்நானத்தை வேண்டாம் என்று ஒதுக்கியவர் ஒருவரையும் புதிய ஏற்பாடு நமக்குக் காட்டுவதில்லை. எனவே அது வெறும் சடங்கு, மனதில் நம்பினால் போதும் என்று சொல்லுகிறவர்களும் வேதத்தோடு ஒத்துப் போகவில்லை. இதை உங்கள் துக்கத்தின் நடுவில் சொல்லத் தயக்கம்தான். ஆனால் ஞானஸ்நானத்தைச் சிறியதாக்கி உங்களுக்கு ஆறுதல் சொன்னால், அந்த ஆறுதல் நாளைக்கு நிற்காது.

அந்த ஊழியர் மேற்கோள் காட்டியதாக நீங்கள் எழுதியிருப்பது மாற்கு 16:16. "விசுவாசமுள்ளவனாகி ஞானஸ்நானம் பெற்றவன் இரட்சிக்கப்படுவான், விசுவாசியாதவனோ ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கப்படுவான்." இந்த வசனத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். முதல் பாதியில் விசுவாசம், ஞானஸ்நானம் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டாம் பாதியில் ஒன்றுதான் இருக்கிறது. விசுவாசியாமலும் ஞானஸ்நானம் பெறாமலும் இருக்கிறவன் என்று எழுதியிருக்கலாம், அப்படி எழுதவில்லை. ஆக்கினைக்குக் காரணமாகச் சொல்லப்படுவது அவிசுவாசம் மட்டுமே. எங்கள் திருச்சபைக்குப் பெயர் தந்த சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரும் இந்த வசனத்திலிருந்து இதையே எடுத்துக்காட்டினார். இன்னொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பன்னிரண்டு வசனங்கள், நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய், வத்திக்கான் கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. அதனால் இந்தப் பகுதியைத் திருச்சபை தள்ளிவிடவில்லை. ஆனால் ஒருவருடைய நித்தியத்தையே தீர்ப்பதற்கு இந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்து வீசுவது, படித்தவர் செய்யும் காரியம் அல்ல.

யோவான் 3:5 இதைவிடக் கடினமானது. "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தில் பிரவேசிக்கமாட்டான்." பழங்காலத் திருச்சபைப் பிதாக்களில் பெரும்பாலோர் இங்குள்ள ஜலத்தை ஞானஸ்நானமாகவே கண்டார்கள், நானும் அப்படியே படிக்கிறேன். வேறு சிலர், எசேக்கியேல் 36-ஆம் அதிகாரத்தில் தேவன் சுத்தமான ஜலம் தெளித்துப் புது இருதயம் தருவதாகச் சொன்ன வாக்கை, தம்மோடு பேசிக்கொண்டிருந்த நிக்கொதேமு என்ற யூதப் போதகருக்கு இயேசு நினைவூட்டுகிறார் என்பார்கள். தாயின் வயிற்றிலிருந்து பிறப்பதையே ஜலம் குறிக்கிறது என்பாரும் உண்டு. இந்த விவாதம் இன்றுவரை தீர்ந்தபாடில்லை. ஆனால் ஜலத்துக்கும் ஆவிக்கும் உள்ள வரிசையைத் தேவன் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளவில்லை என்பதில் விவாதம் இல்லை. அப்போஸ்தலர் 8-இல் சமாரியர் ஞானஸ்நானம் பெற்ற பிறகும் ஆவியானவருக்காகக் காத்திருந்தார்கள். 10-ஆம் அதிகாரத்திலோ, கொர்நேலியு என்ற ரோமப் படைத்தலைவனின் வீட்டில் பேதுரு பேசிக்கொண்டிருக்கும்போதே ஆவியானவர் இறங்கிவிட்டார். தண்ணீர் பின்னால் வந்தது. அந்த இடைவெளியில் கொர்நேலியு இறந்திருந்தால் என்ன ஆகியிருப்பார் என்று என் மாணவர் ஒருவர் ஒருமுறை கேட்டார். பரிசுத்த ஆவியைப் பெற்ற ஒருவரைத் தேவன் தள்ளிவிடுவார் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை, யாருக்கும் எழக்கூடாது.

சிலுவையில் தொங்கிய கள்ளனை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு விலைமதிப்பற்றது. ஆனால் மத்தேயு 28-இல் உள்ள கட்டளை பிறப்பதற்கு முன்னரே அவன் இறந்துவிட்டான் என்று எதிர்த் தரப்பார் பதில் சொல்வார்கள். அந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. எனவே நான் கள்ளனை விடக் கொர்நேலியுவின் மேல்தான் அதிகம் சாய்கிறேன்.

நம் பகுதிக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தப் பதில் நிறைவடையாது. காவிரிக் கரையில் பிறந்தவர் காதில் ஞானஸ்நானம், திருமுழுக்கு என்ற சொற்கள் வெறுமையாக விழுவதில்லை. ஐப்பசி முழுவதும் மயிலாடுதுறைத் துலாக்கட்டத்தில் நீராடுகிறார்கள், மாதக் கடைசியில் கடைமுழுக்கு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கும்பகோணத்தில் மகாமகம். குறித்த நாளில் குறித்த தண்ணீரில் மூழ்கினால் பலன், தவறினால் பலனும் தவறியது என்ற எண்ணம், கிறிஸ்தவர்களான பிறகும் நம்மை அறியாமலே கூடவருகிறது. ஞானஸ்நானத்தையும் அதே கணக்கில் வைத்து, தண்ணீருக்குள் போகாதவர் பலனை இழந்தார் என்று முடித்துவிடுகிறோம். பேதுரு தன் முதல் நிருபத்தில் ஞானஸ்நானம் நம்மை இரட்சிக்கிறது என்று சொன்ன அதே மூச்சில், அது உடல் அழுக்கை நீக்குவது அல்ல, நல்மனச்சாட்சி தேவனோடு செய்யும் உடன்படிக்கை என்று விளக்கிவிடுகிறார். தண்ணீர் எப்படி இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்ய முடியும் என்று லுத்தர் 1529-இல் எழுதிய சிறு ஞானோபதேசம் கேட்கிறது. தண்ணீர் அல்ல, தண்ணீரோடு இருக்கும் தேவ வார்த்தையும் அந்த வார்த்தையை நம்பும் விசுவாசமுமே செய்கிறது என்று பதில் சொல்கிறது. உங்கள் அம்மாவிடம் அந்த வார்த்தை இருந்தது, புடவை மடிப்புக்குள். அந்த வார்த்தையின் மேல் நம்பிக்கையும் இருந்தது என்று நீங்களே சாட்சி சொல்கிறீர்கள். (அதே மயிலாடுதுறையில், கடைமுழுக்குக்கு வந்து சேர முடியாத கால் ஊனமுற்ற ஒருவருக்காக இறைவன் கூடுதலாக ஒரு நாள் தந்தார் என்று சொல்லி, கார்த்திகை முதல் நாளை முடவன் முழுக்கு என்று கொண்டாடுகிறார்கள். அது வேறு மார்க்கத்தின் நம்பிக்கை. என் போதனைக்கு அதை ஆதாரமாகக் கொள்ளவில்லை. ஆனால் வந்துகொண்டிருந்தவரை வாசலில் தடுத்து நிறுத்தாத இரக்கம் இந்த மண்ணுக்குப் புரியாத ஒன்று அல்ல என்பதற்காகச் சொன்னேன்.)

ஞானஸ்நானத்துக்குப் புறப்பட்டு, அதை அடைவதற்குள் இறந்தவர்களைப் பற்றித் திருச்சபை இன்று நேற்று யோசிக்கத் தொடங்கவில்லை. 392-இல் ரோமப் பேரரசன் இரண்டாம் வாலன்டினியன் இருபத்தொரு வயதில் இறந்தான். ஞானஸ்நானம் தருவதற்கு வரும்படி மிலான் பேராயர் அம்புரோசுக்கு அவன் செய்தி அனுப்பியிருந்தான். அவர் வந்து சேர்வதற்குள் காரியம் முடிந்துவிட்டது. அவனுடைய சகோதரிகள் உங்களைப் போலவே கலங்கினார்கள். அடக்க ஆராதனையில் அம்புரோசு அவர்களைப் பார்த்துச் சொன்னதன் சாரம் இதுதான்: அவன் விரும்பினான், கேட்டான், கேட்டதைப் பெற்றுக்கொண்டான். ஞானஸ்நானத்தை அற்பமாக எண்ணிய மனிதர் அல்ல அம்புரோசு. ஞானஸ்நானம் பெற வருகிறவர்களுக்கு நாள் தவறாமல் உபதேசித்தவர் அவர். அவர் வாயிலிருந்தே இந்தச் சொல் வந்தது.

கத்தோலிக்கத் திருச்சபை 1547-இல், ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில், ஞானஸ்நானம் இரட்சிப்புக்கு அவசியமில்லை என்பவனைக் கண்டித்தது. அதே ஆண்டு அதே சங்கம், ஞானஸ்நானம் அல்லது அதன்மேல் உள்ள வாஞ்சை என்றும் எழுதிவைத்தது. இதைத்தான் அவர்கள் ஆசைத் திருமுழுக்கு என்கிறார்கள். 1992-இல் வெளிவந்த அவர்களுடைய மறைக்கல்வி நூலில், கடவுள் மீட்பைத் திருமுழுக்கோடு இணைத்திருக்கிறார், ஆனால் அவரே தம் அருளடையாளங்களுக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்ற கருத்து இருக்கிறது. நான் லுத்தரனாக இருந்தும் இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியாது. எங்கள் 1530-ஆம் ஆண்டு அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையும் ஞானஸ்நானம் அவசியம் என்றே சொல்கிறது. ஆயினும் ஞானஸ்நானம் கிடைக்காமல் போவது அல்ல, அதை அசட்டை செய்வதே ஆக்கினைக்கு உட்படுத்தும் என்பது எங்கள் ஆசிரியர்கள் வழிவழியாகச் சொல்லிவருவது. பெந்தெகொஸ்தே சபைகளில் பெரும்பாலானவை, இரட்சிப்பு விசுவாசத்தால் வருகிறது, முழுக்கு ஞானஸ்நானம் கீழ்ப்படிதலின் சாட்சி என்று போதிக்கின்றன. அந்தப் போதனையின்படி பார்த்தாலும் உங்கள் அம்மா விசுவாசித்த நாளிலேயே இரட்சிக்கப்பட்டவர். தண்ணீரில் மூழ்கும் கணத்தில்தான் பாவமன்னிப்பு கிடைக்கிறது என்று கண்டிப்பாகப் போதிக்கும் சபைகளும் உண்டு. இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் பிரிவினர் அவற்றில் சேர்ந்தவர்கள். உங்கள் வீட்டுக்கு வந்தவர் அப்படிப்பட்ட சபையைச் சேர்ந்தவராக இருக்கலாம். அவருடைய உள்நோக்கத்தைச் சந்தேகிக்க வேண்டாம். அவர் தமக்குக் கற்பிக்கப்பட்டதைச் சொன்னார். ஆனால் அது முழுக் கிறிஸ்தவத்தின் குரல் அல்ல.

ஞானஸ்நானத்தைத் தாமதப்படுத்துவது நம் டெல்டாவில் புதிய செய்தியும் அல்ல. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு, முதல் ஐந்து பேருக்கு 1707 மே 12-இல்தான் ஞானஸ்நானம் கொடுத்தார். டேனிஷ்காரர்களிடம் அடிமைகளாக இருந்த அந்த ஐந்து பேருக்கும் முதலில் உபதேசம் நடந்தது. பின்னாளில் தஞ்சாவூரில், கிளாரிந்தா என்று அறியப்பட்ட பிராமண விதவை ஞானஸ்நானம் கேட்டபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு திருமணம் இல்லாமல் வாழ்ந்தார் என்ற காரணத்தால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் மறுத்துவிட்டார். அந்த அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டையில் அதே சுவார்ட்ஸ் ஐயர் கையால் அவர் ஞானஸ்நானம் பெற்றார். இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் கிளாரிந்தா கிறிஸ்துவுக்கு அந்நியராக இருந்தார் என்று சுவார்ட்ஸ் நினைத்திருந்தால், மறுக்க அவருக்கு மனம் வந்திருக்குமா? தண்ணீர் இல்லாவிட்டால் நரகம் என்று நம்புகிற எந்த ஆயரும் ஒருவரை ஒரு வாரம்கூடக் காக்கவைக்க முடியாது. நாங்கள் எல்லோரும் மாதக்கணக்கில் உபதேசம் நடத்திக் காக்கவைக்கிறோம். எங்கள் நடைமுறையே எங்கள் நம்பிக்கையைக் காட்டுகிறது. கிராமங்களில் தாமதத்துக்குக் காரணங்களும் பல. குடும்ப அச்சம் ஒன்று. பட்டியல் சாதியினருக்கு, 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி கிறிஸ்தவரானால் பட்டியல் சாதிக்கான இட ஒதுக்கீட்டு உரிமை போய்விடும் என்ற கவலை இன்னொன்று. நம்பியும் ஞானஸ்நானத்துக்கு வர முடியாமல் இருந்த பலரை எனக்குத் தெரியும். அவர்களைக் கோழைகள் என்று தீர்ப்பதற்கு நாம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு நாள் உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதைப் படித்ததும் உங்களுக்கு ஒரு குற்ற உணர்வு எழலாம் என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். ஆபத்து நேரத்தில் ஆயர் இல்லாமலே ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது உண்மை. பல ஆண்டுகளுக்கு முன்னால், மருத்துவமனையில் ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை ஒன்று பிழைக்காது என்று தோன்றியபோது, பணியில் இருந்த கத்தோலிக்கச் செவிலியர், பால் புகட்டும் பாலாடையில் காய்ச்சி ஆறிய தண்ணீரை எடுத்து, அதன் உச்சியில் மூன்று முறை சொட்டாக விட்டு, பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தைச் சொன்னார். குழந்தை பிழைத்துக்கொண்டது. கோயிலில் முறையாக இன்னொரு தரம் செய்யுங்கள் ஐயா என்று பாட்டி கெஞ்சினார். நான் மறுத்தேன். அது முடிந்துவிட்டது, உள்ளங்கையளவு தண்ணீர்கூட இல்லை, ஆனால் குறைவு ஒன்றும் இல்லை என்று சொல்லி, சபையார் முன்னிலையில் குழந்தையை ஏந்தி ஜெபித்து, மருத்துவமனைத் தேதியையே பதிவேட்டில் எழுதினேன். இதைக் கேட்டு, அந்த இரவு நான் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றியிருக்கலாமே என்று உங்கள் மனம் அடித்துக்கொள்ள வேண்டாம். அவசர ஞானஸ்நானம் தேவன் நமக்குத் தந்த வசதி. நம்மைச் சிக்கவைக்க வைத்த பொறி அல்ல. மூச்சுத் திணறும் தாயை வண்டியில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனது மகன் செய்யவேண்டிய காரியம். அதை நீங்கள் செய்தீர்கள்.

என் எல்லையையும் சொல்லவேண்டும். உங்கள் அம்மா பரலோகத்தில் இருக்கிறார் என்று முத்திரை குத்திக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஞானஸ்நானம் பெற்று, திடப்படுத்தப்பட்டு, நாற்பது ஆண்டு திருவிருந்தில் பங்குபெற்றவரை அடக்கம் செய்யும்போதும் எனக்கு அந்த அதிகாரம் இருந்ததில்லை. அங்கும் நம்பிக்கையோடுதான் மண்ணைப் போட்டேன். அதே நம்பிக்கையோடு, அதைவிட ஒரு துளியும் குறையாமல், உங்கள் அம்மாவைக் கிறிஸ்துவின் கையில் விடலாம் என்று சொல்கிறேன்.

அம்மாவுக்காக நீங்கள் ஞானஸ்நானம் பெறுவது பற்றி: மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைப் பற்றிப் பவுல் 1 கொரிந்தியர் 15:29-இல் ஒரே ஒரு முறை குறிப்பிடுகிறார். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் தருகிறார்கள். எதுவும் உறுதியானது அல்ல. பவுல் அதைக் கட்டளையாகச் சொல்லவில்லை என்பது உறுதி. மார்மோன் சபையார் இன்று அப்படிச் செய்கிறார்கள். மற்றத் திருச்சபைகளில் பெரும்பாலானவை அதை ஏற்பதில்லை. மேலே சொன்னது சரியென்றால் அது தேவையும் இல்லை.

உங்களுக்கென்று ஞானஸ்நானம் பெற விருப்பம் இருக்கிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. இருந்தால், பயத்தினால் ஓடாதீர்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடவேண்டும் என்று யாரேனும் அவசரப்படுத்தினால் இணங்காதீர்கள். உங்கள் ஊருக்கு எட்டிய தூரத்தில் உள்ள ஒரு சபையில் சில மாதம் உட்கார்ந்து ஆராதனையைக் கவனியுங்கள், உபதேச வகுப்பில் சேருங்கள், இங்கே கேட்ட கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். தெளித்தாலும் ஊற்றினாலும் மூழ்கினாலும் அது ஒரே ஞானஸ்நானம்தான் என்பது எங்கள் போதனை. முழுக்குத்தான் வேண்டும் என்று உங்கள் மனம் விரும்பினால் தென்னிந்தியத் திருச்சபையிலும் அதற்கு இடமுண்டு. அந்த நாள் வரும்போது ஆயர் ஞானஸ்நானப் பதிவேட்டைத் திறந்து உங்கள் பெயர், பிறந்த தேதி, தகப்பனார் பெயர் என்று வரிசையாகக் கேட்பார். தாயார் பெயருக்கென்றும் அதில் ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தவறில்லாமல் எழுதியிருக்கிறாரா என்று பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.